தெரிஞ்சவங்க வீட்டுக்குத் துணைக்கு

பணி ஓய்வு பெற்ற பிறகு காவல்துறை என்னைப் பேசக் கூப்பிட்டது ஒரே ஒரு வகுப்புக்குத்தான். புதிதாக வேலைக்கு வந்த பெண் காவலர்களுக்குக் குழந்தைக் கடத்தல் பற்றி ஏதாவது சொல்லுங்கள் என்றார்கள். போனேன். பேச ஆரம்பிப்பதற்குள் முன்வரிசையில் இருந்த ஒரு சப்-இன்ஸ்பெக்டர் பெண், "மேடம், யாரை எப்பச் சந்தேகப்படணும்னு பாயிண்ட் பாயிண்டா சொல்லிடுங்க, ஸ்லைடுல ஏத்திடறோம்" என்றாள். நல்ல பெண்தான், கெட்டிக்காரி. ஆனாலும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சந்தேகம் என்ன ரேஷன் பொருளா, அளந்து போட? அதற்கு நான் ஒரு சம்பவத்தைத்தான் சொல்ல முடியும் என்றேன். பாதி சொல்வதற்குள் டீ வந்து, டீயோடு வகுப்பும் முடிந்துபோனது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சந்தேகப் புத்தி ஜாஸ்தி. பால்காரர் ஒரு நாள் சிரித்துக்கொண்டே பால் ஊற்றினால் பாலைத் தொட்டு நக்கிப் பார்ப்பேன். என் வீட்டுக்காரர் மீஞ்சூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ஷிப்ட் முடிந்து ரயில் லேட் என்று சொன்னால், ஸ்டேஷனுக்குப் போன் போட்டு நிஜமாகவே லேட்தானா என்று கேட்டிருக்கிறேன். "உன்னைக் கட்டிக்கினு லாக்கப்புல இருக்கிற மாதிரியே இருக்குது" என்று அவர் இன்றைக்கும் சொல்வார். சொல்லிவிட்டுப் போகட்டும். இந்தப் புத்தி வீட்டில் பேஜார்தான், வேலையில் சோறு போட்டது.

பிள்ளைகளைக் கடத்துவது என்றதும் எல்லோரும் ஒரு வேனையும் மயக்க மருந்தையும் நினைத்துக்கொள்கிறார்கள். வாட்ஸ்அப்பில் எவனோ எதையோ அனுப்புகிறான், அதைப் பார்த்துவிட்டு ஊரே சேர்ந்து போர்வை விற்க வந்தவனைக் கட்டி வைத்து அடிக்கிறது. வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு போன பிள்ளையை என் வேலைக்காலத்தில் நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. நான் பார்த்த பிள்ளைகள் எல்லாம் தலை வாரி, பூ வைத்து, புது டிரஸ் போட்டு, பெற்றவளே வாசல்வரை வந்து வழியனுப்பி வைத்த பிள்ளைகள்.

காட்டூரில் நெல் பயிரிடும் குடும்பத்தில் பிறந்தவள் நான். கான்ஸ்டபிளாகச் சேர்ந்து, ஏட்டாகி, சிறப்பு உதவி ஆய்வாளராகி வீட்டுக்கு வந்தேன். பயிற்சியில் துப்பாக்கியைக் கழற்றி மாட்டச் சொல்லிக் கொடுத்தார்கள். அந்தத் துப்பாக்கியை நான் துடைத்து வைத்ததோடு சரி. அழுகிற பிள்ளையிடம் எப்படிப் பேசுவது என்று யாரும் சொல்லித் தரவில்லை. அதை எங்கள் மகளிர் காவல் நிலையத்துக்கு இன்ஸ்பெக்டராக வந்த எஸ்தர் மேடத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

எஸ்தர் மேடம் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. குற்றவாளியைக்கூட "சார்" என்றுதான் கூப்பிடுவார். ஆரம்பத்தில் எனக்கு இது எரிச்சலாக இருந்தது. திருட்டுப் பயலுக்கு என்ன சார் வேண்டிக் கிடக்கிறது என்று நினைப்பேன். அப்புறம் பார்த்தால், நாம் அதட்டினால் வாயை மூடிக்கொள்கிற ஆள், சார் என்றால் மடமடவென்று பேசுகிறான். பொய்யாகவே பேசட்டும், நிறையப் பேசட்டும் என்பார் மேடம். அவரும் என்னைப் போல் யாரையும் நம்பாதவர்தான். ஆனால் அது அவர் முகத்தில் தெரியாது. என் முகத்தில் தெரிந்துவிடும்.

அன்றைக்கு எனக்கு விடுமுறை. திருப்பாலைவனத்தில் என் நாத்தனார் வீட்டுக்குப் போய்விட்டு, பொன்னேரி போவதற்காகப் பழவேற்காட்டிலிருந்து வந்த பஸ்ஸில் ஏறினேன். சாதாரணப் புடவை, கையில் ஒரு பை. முன் சீட்டில் வெள்ளைச் சட்டை போட்ட ஓர் ஆள், பக்கத்தில் ஜன்னலோரம் ஒரு பெண் பிள்ளை. பதின்மூன்று பதினான்கு வயது இருக்கும். தலையில் எண்ணெய் வழிய வழியப் பின்னி, கனகாம்பரம் வைத்திருந்தாள். புது சுடிதாரின் மடிப்புகூடக் கலையவில்லை.

எனக்கு வாரிசுபோல அவளுக்கு வாய் ஓயவில்லை. "அப்பா, இது இன்னா ஊரு?" என்றாள். "அப்பா, தண்ணி" என்றாள். "அப்பா, இன்னும் எவ்ளோ தூரம்பா?" என்றாள். எனக்கு அங்கேயே லேசாக அரித்தது. சொந்த அப்பாவை எந்தப் பிள்ளை பேச்சுக்குப் பேச்சு அப்பா போட்டுக் கூப்பிடும்? என் பிள்ளைகள் எல்லாம் "டிவி ரிமோட் எங்கே" என்று மொட்டையாகத்தான் கேட்பார்கள். சரி, சில பிள்ளைகள் செல்லமாக இருக்கும் என்று என்னை நானே அடக்கிக்கொண்டேன்.

கொஞ்ச தூரம் போனதும் எருமை ஒன்று குறுக்கே வந்து, டிரைவர் திடீரென்று பிரேக் போட்டார். பிள்ளையின் நெற்றி முன்னால் இருந்த கம்பியில் மோதியது. "அய்யோ நைனா!" என்று கத்தினாள். கத்திய வேகத்தில் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நெற்றியைத் தடவக்கூட இல்லை. அந்த ஆளைத் திரும்பிப் பார்த்து, மெதுவாக, "அப்பா" என்றாள்.

அந்த ஆள் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

இதை வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் காட்டூரில் அப்பாவை அப்பா என்றுதான் கூப்பிடுவோம். ஏரிக்கரைக் குப்பங்கள் சிலவற்றில் ஆந்திரா பக்கத்துப் பழக்கம் கலந்து அப்பாவுக்கு நைனா என்று பேர். நைனா என்று கூப்பிடுகிற வீட்டில் பிள்ளை நைனா என்றுதான் கூப்பிடும். இரண்டையும் மாற்றி மாற்றிக் கூப்பிடாது. வலியில் வாயில் வந்தது நைனா. வலி மறந்ததும் ஞாபகத்துக்கு வந்தது அப்பா. யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்று எனக்கு அந்த நொடியே பட்டுவிட்டது.

நான் கையைப் பிடித்து இழுக்கவில்லை, போலீஸ் என்று சொல்லவும் இல்லை. கைக்குட்டையை நனைத்து அவள் நெற்றியில் வைத்தேன். எந்த ஊர் சார் என்று அந்த ஆளிடம் ஊர்க்கதை பேசுவதுபோல் கேட்டேன். மெட்ராஸ் என்றார். பொண்ணா என்றதற்கு ஆமாம் என்றார். சொந்தக்காரர்கள் வீட்டுக்கு வந்துவிட்டுத் திரும்பிப் போவதாகச் சொன்னார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கேட்டால் உஷாராகி வழியிலேயே இறங்கிவிடுவான். எஸ்தர் மேடத்துக்கு மெசேஜ் அனுப்பினேன். 'சரி' என்று ஒரு வார்த்தைதான் பதில் வந்தது.

பொன்னேரி பஸ் ஸ்டாண்டில் மேடம் புடவையில், டீக்கடை பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். பஸ்ஸிலிருந்து இறங்கிய ஆளிடம் நேராகப் போய், "சார், பாப்பாவுக்கு நெத்தி வீங்கியிருக்குது, ஐஸ் வெச்சிட்டுப் போலாம், வாங்க" என்றார். சொந்தக்காரி மாதிரி கூப்பிட்டார். கூடவே மஃப்டியில் இரண்டு பேர் வந்து நின்றதும்தான் அந்த ஆளுக்கு விஷயம் புரிந்தது. கூட்டம் கூடவில்லை, சத்தமும் இல்லை. பிள்ளைக்கு ஐஸ்தான் ஞாபகம் இருந்திருக்கும்.

மேடத்தின் முறையை இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். ஸ்லைடு போடுகிறவர்கள் இதைப் போட்டுக்கொள்ளலாம். பிள்ளையையும் கூட வந்த ஆளையும் உடனே தனித்தனியாக உட்கார வைக்க வேண்டும். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியக் கூடாது, குரலும் கேட்கக் கூடாது. கண்ணைக் காட்டியே பிள்ளையை ஊமையாக்கிவிடுவார்கள். பிள்ளையைக் காவல் நிலையத்தில் வைத்து விசாரிக்கக் கூடாது, யூனிஃபாரத்தோடு எதிரில் நிற்கக் கூடாது. அன்றைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு டீச்சர் வீட்டு முன்னறையைத்தான் கேட்டு வாங்கினோம். பிள்ளை உட்கார்ந்த பிறகுதான் மேடம் உட்கார்ந்தார், அதுவும் தரையில். கேள்விக்குள் பதிலை வைக்கக் கூடாது என்பது அவருடைய பெரிய சட்டம். 'அவர் உன்னை மிரட்டினாரா' என்று கேட்டால் அது நாம் சொல்கிற கதை. 'அப்புறம் இன்னா ஆச்சு' என்று மட்டும்தான் கேட்பார். கேட்டதையே ஆளாளுக்குத் திரும்பக் கேட்கவும் விடமாட்டார். ஒருத்தர் கேட்டால் போதும், மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு கேளுங்கள் என்பார். மற்றவர்கள் என்றால் பெரும்பாலும் நான்தான்.

அதற்கு முன்னால் அந்த ஆளிடம் மேடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "பாப்பாவுக்குச் சாப்பிடக் கொடுக்கணும் சார். எது ஒத்துக்காது?"

பிள்ளைக்கு எது பிடிக்கும் என்று கேட்டிருந்தால் அவர் தயாராகத்தான் இருந்திருப்பார். ஒத்துக்கொள்ளாதது எது என்று யாரும் தயார் செய்துகொண்டு வருவதில்லை. அவர் சிரித்துக்கொண்டே, "எல்லாம் துன்னும் மேடம். குப்பத்துப் புள்ளதானே, நண்டு இறால்னா உயிரு" என்றார்.

பிள்ளையிடம் அதே கேள்வியைக் கேட்டதும், நண்டு தின்றால் உடம்பெல்லாம் தடித்து மூச்சு வாங்கும் என்றாள். சின்ன வயதில் ஒருமுறை நைனா தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாராம். நைனா எங்கே என்றதற்கு, முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து செத்துட்டாரு என்றாள். சொன்ன பிறகுதான், தான் சொன்னது தப்பு என்று அவளுக்குத் தோன்றியது. மறுபடியும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவளுக்கு இங்கே செல்வி என்று பேர் வைத்துக்கொள்கிறேன், குப்பத்து ஆட்களின் மற்றப் பேர்களும் நான் வைத்தவைதான்.

மேடம் போய் அதைச் சொன்னதும் அந்த ஆள் உடனே பேச்சை மாற்றினார். அப்பா மாதிரிதான் மேடம், அவங்கம்மாதான் அனுப்பி வெச்சாங்க, வேணும்னா கேட்டுப் பாருங்க என்று அவரே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். மறுமுனையில் செல்வியின் அம்மா அஞ்சலை. பஸ் சத்தத்துக்கு நடுவே அவள் குரல் தெளிவாகவே கேட்டது. "ஆமாம்மா, நான்தான் அனுப்பினேன். மெட்ராஸ்ல ஒரு வீட்டுக்குத் துணைக்கு. தெரிஞ்சவங்கதான்."

உதவிக்கு வந்திருந்த ஓர் ஏட்டு பெருமூச்சு விட்டார். அம்மாவே சொல்லிவிட்டார்கள், இனி நமக்கு என்ன என்று என்னைப் பார்த்தார். மேடம் மட்டும் போனைக் கையில் வாங்கி, பேச்சைத் தொடர்ந்தார். யாருக்குத் துணை, எந்தத் தெரு என்று கேட்டார். ஏற்பாடு செய்த கலாக்காவுக்குத் தெரியும் என்றாள் அஞ்சலை. கூட்டிக்கொண்டு போகிற ஆளின் பேர் என்ன என்றார். அதுவும் கலாக்காவுக்குத்தான் தெரியும் என்றாள். பேர்கூடத் தெரியாத ஆளோடு பெற்ற பெண்ணை அனுப்பியிருக்கிறாள், தெரிஞ்சவங்க என்கிறாள்.

இந்த ஆளை அப்பா என்று கூப்பிடச் சொன்னது யார் என்று செல்வியை யாரும் கேட்கவில்லை. 'அப்புறம் இன்னா ஆச்சு' என்று மேடம் கேட்டுக்கொண்டே வந்தபோது அவளாகவே சொன்னாள். "எங்கம்மாதான் சொல்லிக் குடுத்தாங்க. தெனம் ராத்திரி சோறு துன்னும்போது சொல்லச் சொல்லிப் பழக்கினாங்க."

பெற்றவளே பழக்கியிருக்கிறாள் என்றால் வேறு என்ன வேண்டும்? அன்றைக்கே செல்வியைக் குழந்தைகள் நலக் குழு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினோம். விசாரணை முடியும்வரை காப்பகத்தில் இருக்கட்டும் என்றார்கள். அவள் அழவில்லை. அம்மா எப்ப வருவாங்க என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பதில் எங்கள் கையில்தான் இருந்தது. அம்மாவுக்கு விஷயம் தெரியும் என்றால் செல்வி பதினெட்டு வயது ஆகும்வரை அந்த வீட்டுப் படி மிதிக்க முடியாது. தெரியாது என்றால் திரும்பிப் போகலாம். நான் அம்மாவுக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன். மேடத்திடமும் அதையே சொன்னேன். "இருக்கலாம். போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்க" என்றார்.

பழவேற்காட்டுப் பாலத்தைத் தாண்டி மணலில் நடந்து போக வேண்டிய குப்பம் அது. ஊர்ப் பேர் வேண்டாம். மஃப்டியில்தான் போனேன், ஆனால் நான் பாலத்தை ஏறும்போதே போலீஸம்மா வருது என்று சேதி அங்கே போய்விட்டது. பெரியவர்கள் நான்கு பேர் எதிரே வந்து நின்றார்கள். கலா தங்க மாதிரி பொண்ணு என்றார்கள். இந்த ஊரில் பிறந்து மெட்ராஸில் வாழ்க்கைப்பட்டவள், திருவிழாவுக்கு வராத வருஷம் கிடையாது, கோயிலுக்கு லைட்டெல்லாம் அவள் உபயம் என்றார்கள். ஊர்ப் பேர் கெட்டுப்போகும், நாங்களே பேசித் தீர்த்துக்கொள்கிறோம் என்றும் சொன்னார்கள். பேசித் தீர்க்க இது என்ன வலை கிழிந்த வழக்கா என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மேடத்தை நினைத்துக்கொண்டு, சரிங்க சார் என்றேன்.

அஞ்சலை வீட்டில் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒரு நைலான் கயிற்றைச் சுற்றிக் கட்டியிருந்தாள். என்னைப் பார்த்ததும் கும்பிட்டாள். எனக்கு அந்தக் கும்பிடுகூடச் சந்தேகமாக இருந்தது. ஏன் அனுப்பினாய் என்று நேராகவே கேட்டேன்.

"பயந்துகினுதான்மா அனுப்பினேன்" என்றாள்.

அவள் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். ஏரியில் இறால் பாய்கிற இடங்களில் இன்றைக்கு யார் வலை போடுவது, நாளைக்கு யார் என்று முறை வைத்திருக்கிறார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பேர். பாடு ஆம்பளைக்குத்தான். புருஷன் செத்ததும் அந்த வீட்டுப் பாடும் போய்விட்டது. ஆண் பிள்ளை இருந்தால் வளர்ந்து கேட்டு வாங்கியிருக்கலாம். இருப்பது பெண் பிள்ளை. அஞ்சலை விடிவதற்கு முன்னால் போய் ஏலத்தில் மீன் எடுத்து, பஸ்ஸில் பொன்னேரி போய் விற்றுவிட்டுத் திரும்பும்போது பொழுது சாய்ந்துவிடும். செல்வி எட்டாவது முடித்தாள், வயசுக்கும் வந்தாள். மேலே படிக்க வேண்டுமென்றால் மணலையும் பாலத்தையும் தனியாகத் தாண்டிப் போக வேண்டும். சமைஞ்ச பொண்ணை எதுக்கு அனுப்பறே என்று நாலு பேர் சொன்னார்கள், நிறுத்திவிட்டாள். நாளெல்லாம் பிள்ளை அந்தக் கயிறு கட்டிய கதவுக்குப் பின்னால் தனியாக இருந்தாள். ஒருநாள் வீட்டுக்குப் பின்னால், மண்ணில், புதுசாக பீடித் துண்டுகள் கிடந்தன. அவர்கள் வீட்டில் பீடி பிடிக்க யார் இருக்கிறார்கள்? அஞ்சலை அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பிள்ளையைத்தான் பேசுவார்கள் என்று தெரியும். அந்த வாரம்தான் கலா வந்தாள்.

"வேலைக்குன்னு கேட்டிருந்தா அனுப்பியிருக்க மாட்டேன்மா. எம்பொண்ணு எச்சித் தட்டு கழுவணுமா? ஒரு வூட்டம்மா தனியா கீறாங்க, துணைக்குன்னாங்க. ராத்திரி பகல் கூடவே ஆள் இருக்கும், படிக்கவும் வெப்பாங்கன்னாங்க. கைநீட்டி நான் ஒண்ணும் வாங்கல. பத்திரமா இருக்குமேன்னுதான்."

அப்பா என்று கூப்பிட ஏன் பழக்கினாய் என்று கேட்டேன். அவள் முகம் சிறுத்துவிட்டது. மெட்ராஸில் நைனா என்று சொன்னால் சிரிப்பார்கள், குப்பத்துப் பிள்ளை என்று ஒதுக்குவார்கள், கூட்டிப்போக வருகிறவரை அப்பா என்றே கூப்பிடட்டும், அவரும் பெண்ணாகவே பார்த்துக்கொள்வார் என்று கலா சொன்னாளாம். "நைனா இல்லாத புள்ள, அப்பான்னு கூப்பிடவாவது ஒருத்தர் இருக்கட்டுமேன்னு நெனச்சேன்மா" என்றாள்.

நான் நம்பவில்லை. அழுதாள், அப்போதும் நம்பவில்லை. மாட்டிக்கொண்டவர்கள் எல்லாரும் அழத்தான் செய்வார்கள். நன்றாகத் தயார் செய்த பதில் என்றுதான் தோன்றியது. இதற்கு முன்னால் இந்த ஊரிலிருந்து வேறு யாராவது துணைக்குப் போயிருக்கிறார்களா என்று கேட்டேன். இரண்டு பேர் போனார்கள் என்றாள். ஒருத்தி இன்னும் அங்கேதான் இருக்கிறாள். இன்னொருத்தி, தனம், உடம்பு சரியில்லை என்று திரும்பி வந்துவிட்டாள். அவளுக்கு அவசர அவசரமாகக் கல்யாணம் செய்துவைத்து, இப்போது பழவேற்காட்டில் இருக்கிறாள்.

தனத்தின் வீட்டுக் கதவைத் தட்டினேன். கலா பேரைச் சொன்னதும் கதவைச் சாத்திவிட்டாள். நான் மறுபடி தட்டவில்லை. அவள் புருஷன் வீட்டில் இருந்தான், பக்கத்து வீடுகளில் ஜன்னல்கள் திறந்தன. போலீஸ் வந்தது என்கிற ஒரு சேதியே அவள் குடித்தனத்தைக் கலைக்கப் போதும். திரும்பி வந்த பெண்ணைக் கெட்டுப்போனவள் என்று சொல்கிற ஊரில், அந்தப் பேச்சுதான் கலாவுக்குக் காவல். பட்டவள் வாயைத் திறக்கமாட்டாள். அடுத்த வீட்டுக்காரி தன் பெண்ணுக்குத் தலை வாரிக்கொண்டிருப்பாள்.

நான்கைந்து நாள் பழவேற்காடு மீன் மார்க்கெட் பக்கமே சுற்றினேன். மீன் வாங்கி வாங்கி வீட்டில் வைக்க இடமில்லை. ஒரு காலை, மடவை மீனைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் ஒரு பெண் வந்து குனிந்து, அவளும் மீனைப் புரட்டினாள். தனம்தான். என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"அந்தப் பாப்பாவையும் அப்பான்னு கூப்பிடச் சொன்னாங்களா?" என்றாள்.

ஆமாம் என்றேன். மேடத்தின் சட்டம் ஞாபகம் இருந்தது. அதற்கு மேல் ஒரு வார்த்தை நான் சேர்க்கவில்லை.

"எங்கம்மாகிட்டயும் அதான் சொன்னாங்க. நைனான்னா மெட்ராஸ்ல சிரிப்பாங்கன்னு. அப்பான்னு கூப்பிட்டுக்கினு போனா பஸ்ல ரயில்ல யாரும் கேக்க மாட்டாங்கன்னு அப்புறம்தான் எனக்குப் புரிஞ்சுது." ஒரு மீனை எடுத்து, திரும்ப வைத்தாள். "எம்பேரு வெளிய வரக்கூடாது. அப்படின்னா சொல்றேன்."

அஞ்சலை சொன்ன அதே வார்த்தைகள். அவளும் தனத்தின் அம்மாவும் சேர்ந்து ஒத்திகை பார்த்திருக்க வழியில்லை. தனத்தின் அம்மா செல்வி பஸ் ஏறுவதற்கு வெகு முன்பே இறந்துவிட்டாள். மார்க்கெட் நடுவில் நின்றுகொண்டு எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அஞ்சலைக்காக வந்த தண்ணீர் அது. ஒரு தாய் தினமும் ராத்திரி பிள்ளைக்குச் சோறு போட்டுக்கொண்டே, தன்னை அறியாமல், அவளைக் கடத்துவதற்கு வேண்டிய பாடத்தைத் தன் வாயாலேயே சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.

தனம் மூடிய அறையில் மாஜிஸ்ட்ரேட்டிடம் வாக்குமூலம் கொடுத்தாள். புருஷனிடம் மேடமே பேசினார், என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது, அவனே வந்து அவளைக் கூட்டிப் போனான். கலாவையும் வெள்ளைச் சட்டைக்காரரையும் கைது செய்தோம். அவர்கள் கூட்டிப்போன வீட்டில் தனியாக இருந்த வீட்டம்மா யாரும் இல்லை. பெண் பிள்ளைகள் இருந்தார்கள், இதே குப்பத்துப் பிள்ளை ஒருத்தியும் இருந்தாள். அங்கே பார்த்ததை நான் எழுதமாட்டேன். கோர்ட்டில் சொல்லியாகிவிட்டது, அது போதும்.

செல்வி வீட்டுக்குப் போகலாமா என்கிற கேள்வி அதோடு தீரவில்லை. அஞ்சலை மேல் குற்றமில்லை என்று நான்தான் குழு முன்னால் சொன்னேன். குழுவில் இருந்த ஓர் அம்மா, நல்லது, ஆனால் இவர் விடியற்காலை ஏலத்துக்குப் போன பிறகு அந்தக் கயிறு கட்டின கதவுக்குப் பின்னால் பிள்ளைக்கு யார் துணை என்று கேட்டார். அஞ்சலை தலையைக் குனிந்துகொண்டாள்.

மேடம் என்னையும் கூட்டிக்கொண்டு குப்பத்துக்குப் போனார். பெரியவர்களை உட்கார வைத்து, சார் சார் என்று பேசினார். அஞ்சலை வீட்டுப் பாடு முறையை அவளுக்கே கொடுங்கள், வலை போட அவள் தம்பி வரட்டும், அவள் வீட்டோடு இருப்பாள், பிள்ளை பள்ளிக்கூடம் போகும் என்றார். பொம்பளைக்குப் பாடு கொடுத்த வழக்கம் எங்கள் ஊரில் கிடையாது என்றார் மூத்தவர். பெண் பிள்ளையை முன்பின் தெரியாதவனோடு அனுப்புவது மட்டும் வழக்கமா என்று நான் கேட்டுவிட்டேன். மேடம் என் கையை அழுத்தினார். அன்றைக்கு மட்டும் அவர் என்னை மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை.

பாடு கிடைக்கவில்லை. இன்றுவரை கிடைக்கவில்லை. செல்வி அரசு விடுதியில் தங்கிப் படித்தாள், லீவுக்கு வீட்டுக்கு வருவாள். அஞ்சலை பொன்னேரி போவதை விட்டுவிட்டு, கிடைப்பது போதும் என்று பழவேற்காட்டிலேயே கூடை வைத்து மத்தியானத்துக்குள் வீடு திரும்பினாள். கதவுக்கு எஸ்தர் மேடம் ஒரு தாழ்ப்பாள் வாங்கிக் கொடுத்தார். செல்வி இப்போது மீஞ்சூரில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள்.

ஏழ்மைதான் காரணம் என்று வகுப்பில் ஒரு பெண் சொன்னாள். ஏழ்மை எங்கள் காட்டூரிலும்தான் இருந்தது. பாடு இல்லாத வீடு, பாதியில் நின்ற படிப்பு, நாலு பேர் வாய், திரும்பி வந்தவளுக்குச் சாத்துகிற கதவு, இவை எல்லாம் சேர்ந்துதான் ஒரு பிள்ளையை பஸ் ஏற்றுகின்றன. கலா அதைப் பார்த்துப் பார்த்துத்தான் வீடு தேர்ந்தெடுத்தாள். எங்களுக்கு முன்னால் அந்த ஊரை விசாரித்து முடித்தவள் அவள்.

வகுப்பு முடிந்த வாரம் அந்தக் குப்பத்துக்கு ஒரு நடை போய்வரலாம் என்று தோன்றியது. ஓய்வு பெற்றவள், கேட்பார் இல்லை. பாலம் தாண்டி மணலில் நடந்தேன். கரையில் ஒரு சின்னப் பெண் தனியாக விளையாடிக்கொண்டிருந்தாள். பேர் என்ன பாப்பா என்று குனிந்து கேட்டேன். அவள் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"யாரும்மா அது? எந்த ஊரு நீ? பாப்பாகிட்ட உனக்கு இன்னா பேச்சு?"

திரும்பினேன். அஞ்சலை. தலை நரைத்து, உடம்பு வற்றிப்போயிருந்தாள். கூடையைக் கீழே போட்டுவிட்டு வேகவேகமாக வந்தாள். பாப்பா அவளுக்குச் சொந்தம்கூட இல்லை, பக்கத்து வீட்டுப் பிள்ளை என்று அப்புறம் தெரிந்தது. வந்ததும் பிள்ளையைத் தன் பக்கம் இழுத்துத் தோளில் கை வைத்துக்கொண்டாள்.

"அஞ்சலை, நான்தான். அடையாளம் தெரியலையா? தெரிஞ்சவதான்" என்றேன்.

கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். அடையாளம் தெரிந்தது. முகமும் மலர்ந்தது. கை மட்டும் பிள்ளையின் தோளில் அப்படியே இருந்தது.

"தெரிஞ்சவங்களத்தான்மா மொதல்ல கேக்கணும்" என்றாள். "சொல்லுங்க, எதுக்கு வந்தீங்க?"

நான் எங்கிருந்து வருகிறேன், எந்த பஸ்ஸில் வந்தேன், எதற்கு வந்தேன், பாப்பாவிடம் என்ன கேட்டேன் என்று எல்லாவற்றையும் மணலில் நின்றபடியே ஒன்று விடாமல் சொன்னேன். முழுக்கக் கேட்டு முடித்த பிறகுதான் அஞ்சலை அந்தக் கையை எடுத்தாள்.